சின்ன லீவர்

வாய் தவறித்தான் சொன்னான்.

தலையணை மூட்டையை வைப்பதற்காக பிக்கப்பின் இடப்பக்கக் கதவைத் திறந்த புகழேந்தி, மூட்டையை உள்ளே தள்ளிவிட்டு, கதவின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "ஏறு கண்ணு" என்றான். மூன்று வருடமாகத் தினமும் செய்த வேலை, கைக்கும் வாய்க்கும் பழகிப்போயிருந்தது. படியில் முட்டியை ஊன்றி, சீட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறி உட்கார ஆறு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் கை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு சாத்தியது. சாத்திய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கீர்த்தனா போய்ச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது.

இன்னொன்றும் உறைத்தது. அந்தக் கதவு ஒரே சாத்தில் பிடிக்காது. வெளியிலிருந்து ஒருவர் தள்ளி, உள்ளேயிருந்து ஒருவர் இழுத்தால்தான் பிடிக்கும். தனியாள் என்றால் நாலு முறை அறைய வேண்டும். தள்ளுவது அவன் வேலை, இழுப்பது பாப்பாவின் வேலை என்று ஒரு பாகப்பிரிவினையே இருந்தது. இன்று ஒரே சாத்தில் பிடித்துக்கொண்டது. துரு உதிர்ந்து கொக்கி சரியாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஆறு மாதம் வெயிலிலும் மழையிலும் கிடந்த வண்டியில் துரு கூடுமே தவிரக் குறையாது என்பது அவனுக்குத் தெரியும்.

அடி அண்ணாமலையில் மலையடிவாரத்தை ஒட்டிய ஏற்றத்தில் இருந்த வீடு காலியாகிவிட்டது. பீரோ, கட்டில், அண்டா குண்டா எல்லாம் வாடகைக்கு எடுத்த சின்ன லாரியில் ஏறியாயிற்று. ஓசூரில் மனைவி ரேணுகாம்பாளின் தம்பி அவனுக்காக ஒரு கம்பெனி குடோனில் வேலை பார்த்து வைத்திருந்தான். இந்த பிக்கப்பை மட்டும் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் போகலாம் என்று புகழேந்தி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். ரேணுகா கேட்கவில்லை.

"எம்புள்ள கடைசியா உக்காந்த இடம் அது. நீங்க வேணா வராம இருங்க. வண்டி வரும்" என்றாள். அதற்கு மேல் அவளிடம் பேச அவனுக்கு யோக்கியதை இல்லை.

அதனால்தான் மெக்கானிக் சடையன் வந்து, லாரியின் பின்பக்கத்தையும் பிக்கப்பின் முன் பம்பரையும் ஓர் இரும்பு ராடால் இணைத்துக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடாத வண்டி நாலு சக்கரமும் தரையில் உருள, லாரியின் பின்னாலேயே ஓசூர்வரை வந்தாக வேண்டும். சடையன் இரும்புப் பின்னைச் செருகி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"பாருங்க புகழு, இது ஃபோர் வீல் வண்டி, நாலு சக்கரத்தையும் எஞ்சின் சுத்தும். பெரிய லீவர் டாப் கியர்ல இருக்கட்டும். பக்கத்துல இருக்குதே சின்ன லீவரு, அது நடுவுல நிக்கணும். நியூட்ரல்ல. இல்லனா நாலு சக்கரமும் எஞ்சினப் புடிச்சி இழுக்கும், கியர் பாக்ஸ் பூட்டுக்கும். சாவிய ஒரு சுத்து சுத்தி வெச்சிருக்கேன், ஸ்டியரிங் லாக் ஆவாது. உள்ள ஆளில்லாமலே ஸ்டியரிங் திரும்பும், கண்ணாடில பாத்து பயந்துடாதீங்க. ராடுல கொஞ்சம் ஆட்டம் ஜாஸ்தி. டொக்கு டொக்குனு சத்தம் வரும்."

"சரிண்ணா."

"போய்ச் சேந்ததும் சின்ன லீவர மறக்காம திரும்பப் போட்டுருங்க. அது நடுவுல இருந்தா, பெரிய லீவர எந்த கியர்ல போட்டாலும் வண்டி நிக்காது. உருண்டுரும்."

மகளின் போட்டோவைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்த ரேணுகா, அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அப்ப கட்டி இழுத்தாலே அது நடுவுலதான் இருக்கணுமாண்ணா?"

"ஆமாம்மா. வேற வழியே இல்ல."

அவள் புகழேந்தியைப் பார்க்கவில்லை. துண்டின் முனையை மறுபடி இறுக்கிச் சொருகினாள்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், வேர்க்கடலைக் கொல்லையில் வண்டி நின்றுபோய், டிராக்டரில் கட்டி வீடுவரை இழுத்துக்கொண்டு வந்தான். இழுப்பதற்காகச் சின்ன லீவரை நடுவில் வைத்தான். வீட்டு வாசல் சரிவில் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் பெரிய லீவரை முதல் கியரில் போட்டான். தேய்ந்துபோன ஹேண்ட் பிரேக்கைப் பேருக்கு இழுத்தான். சக்கரத்துக்குக் கல் வைக்கவில்லை. தாகம். உள்ளே போய்ச் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தபோது வெளியே சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. வண்டியின் முன்னால் குத்துக்காலிட்டு, சாக்பீஸால் வீடு வரைந்துகொண்டிருந்தாள் கீர்த்தனா.

ஊர் கூடியபோது, எப்படி உருண்டது என்று யாரோ கேட்டார்கள். "பாப்பா உள்ள ஏறி லீவர இழுத்துட்டு எறங்கியிருக்கா" என்று அவன் வாய் சொன்னது. எல்லோரும் நம்பினார்கள். நம்பக் காரணமும் இருந்தது. சேற்றுப் பாதை வந்தால் அவன் வண்டியை நிறுத்தி கிளட்சை மிதித்துக்கொண்டு "போடு பாப்பா" என்பான். அவள் இரண்டு கையாலும் சின்ன லீவரைப் பிடித்து ஃபோர் வீலுக்குத் தள்ளுவாள். ஊரில் பாதிப் பேர் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஒருமுறை அவன் மிதிப்பதற்கு முன்பே அவள் தள்ளி, கர்ரென்று பற்சக்கரம் அரைத்த சத்தத்தில் பயந்து அழுதுவிட்டாள். "வெளிய எடுக்கறது நீ ஒருத்தியே எடுத்துடலாம் கண்ணு. உள்ள போடறதுக்குத்தான் அப்பா கால் வேணும்" என்று சமாதானம் சொன்னான். அதன் பிறகு அவன் சொல்லாமல் அவள் தொட்டதே இல்லை. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை.

அந்தப் பிள்ளையின் போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்து ரேணுகா தினமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். "ஏன்டி அதத் தொட்ட? தொடாதேனு எத்தினி வாட்டி சொன்னேன். ஏன்டி தொட்ட?" பக்கத்து அறையில் படுத்தபடி அவன் அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். எழுந்துபோய், அவள் தொடவில்லை, நான்தான் என்று சொல்ல எட்டு அடி தூரம் நடந்தால் போதும். ஆறு மாதமாக அந்த எட்டு அடியை அவன் நடக்கவில்லை. நடந்தால் ரேணுகா அவனுக்கு இல்லை. அவனிடம் மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான்.

நாலரை மணிக்குக் கிளம்பினார்கள். லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்த அவனும், பக்கத்தில் மடியில் போட்டோவோடு ரேணுகாவும். செங்கம் ரோட்டைப் பிடிக்க கிரிவலப் பாதையில் எதிர்த்திசையில்தான் போக வேண்டும். மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு.

"சுத்திக்கினு டவுன் வழியா போயிருக்கலாம்" என்றாள் ரேணுகா. "இப்பிடி இடமா போறது சாவுக்குப் போற மாதிரி இருக்குது."

"இத்த இழுத்துக்கினு டவுனுக்குள்ள போவ முடியாது."

பௌர்ணமி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பாதையில் கூட்டம் கம்மி. செருப்பில்லாத கால்களோடு நாலைந்து பேராக எதிரே வந்துகொண்டிருந்தார்கள். லாரியின் பின்னால் பீரோவும் கட்டிலும் அடைத்திருந்ததால் நேராகப் போகும்போது பிக்கப் தெரியாது. வளைவு வந்தால் மட்டும் பக்கக் கண்ணாடியில் அதன் மூக்கு எட்டிப் பார்க்கும், பிறகு முன் கண்ணாடி, பிறகு அதற்குள் ஸ்டியரிங். வளைவு முடிந்தால் மறைந்துவிடும். முதல் வளைவில் ஸ்டியரிங் யாருமில்லாமல் மெதுவாகத் திரும்பி, மெதுவாக நேரானது. சடையன் சொன்னது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் அங்கேயே பிரேக்கை மிதித்திருப்பான்.

டொக். டொக். டொக்.

ராடு ஆடும் சத்தம் தகரம் வழியாக முதுகுக்கு வந்தது. கால் தரைக்கு எட்டாத பிள்ளை சீட்டின் அடித்தகட்டில் குதிகாலால் உதைக்கும் சத்தமும் இப்படித்தான் இருக்கும். அந்தச் சத்தத்துக்கு எத்தனை நாள் எரிந்து விழுந்திருக்கிறான். இப்போது அதைக் கேட்பதற்காகவே மெதுவாக ஓட்டினான். ஆட்டம் ஜாஸ்தி, ராடில் ஆட்டம் ஜாஸ்தி என்று சடையனின் குரலையே மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டான்.

எதிரே மஞ்சள் புடவை கட்டிய இரண்டு பெண்கள் வந்தார்கள். லாரியை அவர்கள் பார்க்கவில்லை. லாரி தாண்டியதும், அவர்களில் மூத்தவள் பின்னால் வந்த வண்டியைப் பார்த்துச் சிரித்தாள். தெரியாத பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பிறகு கையைத் தூக்கி, விரல்களை மடக்கி நீட்டி, டாட்டா காட்டினாள். யாரோ முதலில் காட்டியதற்குப் பதில் காட்டுவதுபோல.

அவன் கண்ணாடியில் அவள் சிறுத்துப்போகும்வரை பார்த்தான். அந்தப் பெண் தெரிந்தவர்கள் யாருக்காவது கையசைத்திருக்கலாம். பாதையில் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் வேறு யாரும் இல்லை.

"யாரப் பாக்கறீங்க?"

"வண்டி சரியா வருதானு பாக்கறேன்."

பாதி வழியில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டி, ரோட்டின் குறுக்கே செம்மண் சேறாகக் கிடந்தது. எதிரே ஓர் ஆட்டோ வர, வழிவிட்டு நிறுத்தினான். ஆட்டோ போயிற்று. சேற்றைப் பார்த்துக்கொண்டே இடது காலால் கிளட்சை மிதித்தான். கண்ணில் சேறு, காலில் கிளட்ச். மூன்று வருடப் பழக்கம் அவனைக் கேட்கவில்லை.

"போடு பாப்பா."

சொன்ன பிறகு லாரிக்குள் இருந்த காற்று நின்றுபோனதுபோல இருந்தது. ரேணுகாவின் விரல்கள் போட்டோவின் சட்டத்தைப் பற்றிக்கொண்டன. எங்கோ பின்னால், ஒரே ஒரு சத்தம் கேட்டது. டக். டொக் இல்லை. வேறு சத்தம். எண்ணெய் போட்ட இரும்பு இரும்புக்குள் போய் உட்காரும் சத்தம்.

கியரைப் போட்டு நகர்த்தப் பார்த்தான். லாரி நகரவில்லை. ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தான். ஏதோ மனசில்லாமல் வருவதுபோல முக்கி முனகி நகர்ந்தது. சேறு முடிந்து தார் ரோடு வந்த பிறகும் இழுவை குறையவில்லை. கரிந்த எண்ணெயின் வாடை உள்ளே வந்தது. அதோடு சேர்ந்து இன்னொரு வாடை, தேங்காய் எண்ணெயும் பவுடரும் வறுத்த வேர்க்கடலையும் கலந்தது. அந்த வாடையை ரேணுகாவும் பிடித்திருக்க வேண்டும். கண்ணை மூடி, மூச்சை நீளமாக உள்ளே இழுத்தாள். ஆறு மாதத்தில் அவள் முகம் அப்படித் தளர்ந்து அவன் பார்த்ததில்லை.

செங்கம் ரோட்டின் முனையில் ஓரம் கட்டினான். லாரி நின்றது. டொக், டொக் என்று இரண்டு முறை கேட்டுவிட்டு அந்தச் சத்தமும் நின்றது.

இறங்கிப் போனான். பிக்கப்பின் புகைக்குழாயில் மெல்லிய புகை. வலப்பக்கக் கதவைத் திறந்தான். பெரிய லீவர் டாப்பில், வைத்தது வைத்தபடி இருந்தது. சின்ன லீவர் நடுவில் இல்லை. ஃபோர் வீலில் இருந்தது.

லீவரின் உருண்டைத் தலையில் அவன் கை வைத்தான். ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பான ஈரம். விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் உள்ளங்கை அப்படித்தான் இருக்கும். இடப்பக்க சீட்டில் அவன் வைத்த தலையணை மூட்டை, சாய்ந்துகொள்ளத் தோதாகக் கதவோரம் நகர்த்தப்பட்டிருந்தது.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. இந்த ஈரம் காய்ந்துவிடக் கூடாதே என்று இருந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றான். பிறகு லீவரை நடுவுக்கு இழுத்துவிட்டு, சட்டையில் கையைத் துடைக்காமலே திரும்பி வந்தான்.

"இன்னாச்சு?" என்றாள் ரேணுகா.

"குலுக்கல்ல லீவர் ஜம்ப் ஆயிடுச்சு. நடுவுல வெச்சிட்டு வந்தேன்."

"நடுவுல" என்று அவள் திருப்பிச் சொன்னாள். அவ்வளவுதான். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குள் ஏதோ ஒன்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. அன்று டிராக்டர், இன்று லாரி. கட்டி இழுத்தாலே நடுவில்தான் இருக்க வேண்டும். அதைக் கூட்டிப் பார்க்க ரொம்பப் படித்திருக்க வேண்டியதில்லை.

வலது பக்கம் செங்கம் ரோட்டில் திருப்பினான். இந்தத் திருப்பத்தில் வலப்பக்கக் கண்ணாடியில் பிக்கப் முழுசாகத் தெரிந்தது. மேற்கே இறங்கிய வெயில் அதன் முன் கண்ணாடியில் விழுந்து கண்ணைக் கூசவைத்தது. கூச்சம் விலகியபோது ஸ்டியரிங் தெரிந்தது. திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பத்தான் செய்யும். ஆனால் லாரி வலப்பக்கம் திரும்பும்போது அது இடப்பக்கம் திரும்ப முயன்றது. ஆசிரமத்துப் பக்கம், ஊருக்குள் போகிற பக்கம். கொஞ்சம் திரும்பும், ராடு இழுக்கும், பின்வாங்கும். மறுபடி திரும்பும். போகமாட்டேன் என்று தாயின் கையைப் பிடித்து இழுக்கிற பிள்ளைபோல.

அவன் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்தான். புதைத்துவிட்டு வந்த அன்று பெரியவர்கள் சொன்னார்கள், திரும்பிப் பார்க்காமல் நட என்று. நடந்தான். இன்று திரும்பிப் பார்க்காமல் ஓட்ட முடியாது. பின்னால் ஒரு வண்டியை இழுப்பவனுக்குப் பாதி வேலை பின்னால் பார்ப்பதுதான்.

ஐந்தாறு கிலோமீட்டர். டொக். டொக். ரோடு நேராக இருந்ததால் கண்ணாடியில் பிக்கப் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது இன்னும் மோசமாக இருந்தது. வெயில் போய், ரோட்டோரப் புளியமரங்களுக்கடியில் இருள் தேங்க ஆரம்பித்தது. மலை கண்ணாடியின் மூலையில் நீலமாக நின்றது. எவ்வளவு தூரம் போனாலும் சிறுக்கவில்லை.

ஏரிக்கரை ஏறி, அதன் மறுபக்கம் ரோடு சரிந்து இறங்குகிற இடத்தில் அவனால் முடியவில்லை. சரிவில் இடப்பக்கம் ஒரு சின்ன வளைவு. வளைவில் கண்ணாடி. கண்ணாடியில் பிக்கப். ஸ்டியரிங் வட்டத்தின் கீழ்ப்பகுதியில், இரண்டு பக்கமும், நாலு நாலாகச் சிறிய விரல்கள்.

நிறுத்தினான்.

"இத்தோட போதும் ரேணுகா. கியர் பாக்ஸ் போச்சு. வண்டி இங்கயே நிக்கட்டும். சடையன் அண்ணனுக்கு போன் போட்டு எடுத்துக்கச் சொல்றேன்."

அவள் மறுக்கவில்லை. அதுதான் அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இந்தமுறை எதையும் மறக்கக் கூடாது. பெரிய லீவரை முதல் கியரில் போட்டான். கிளட்சை மிதித்துச் சின்ன லீவரை ஃபோர் வீலில் தள்ளினான். ஆட்டிப் பார்த்தான். உட்கார்ந்திருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கரையோரம் தேடி, கிடைத்த அரைச் செங்கல்லை முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். சாவியை எடுத்து, இரண்டு கதவையும் பூட்டினான். பூட்டியபோது, யாரைப் பூட்டுகிறோம் என்ற எண்ணம் வந்தது. அதைத் தள்ளிவிட்டான். லாரிப் பக்கத்துப் பின்னைத் தட்டிக் கழற்றி, லாரியை முப்பது அடி முன்னால் நகர்த்தி நிறுத்தினான். சாவியை லாரியின் டேஷ்போர்டில் போட்டுவிட்டு, பிக்கப்பின் பம்பரில் தொங்கிய ராடைக் கழற்ற மறுபடி நடந்து போனான். ராடு கழன்று வந்தது. அதை ஓரத்தில் போட்டான்.

நிமிர்ந்தபோது, ரேணுகா லாரியிலிருந்து இறங்கி, இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். போட்டோ கையில் இல்லை.

"ஒண்ணு கேக்கறேன். நெசத்தச் சொல்லுங்க."

அவன் பிக்கப்பின் இடப்பக்கக் கதவருகில் போய் நின்றுகொண்டான். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"அன்னிக்கு டிராக்டர்ல கட்டித்தான இழுத்துக்கினு வந்தீங்க. அப்ப அது நடுவுலதான் இருந்திருக்கும். வீட்டாண்ட நிறுத்தனப்ப திரும்பப் போட்டீங்களா?"

ஏரியில் எங்கோ ஒரு நீர்க்கோழி கத்தி ஓய்ந்தது.

"தினம் தினம் அவளப் போயி திட்னேன். செத்த புள்ளையத் திட்னேன். அவ தொடலனா சொல்லிடுங்க. நான் அவ கால்ல விழுந்து அழுதுக்கறேன். உங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கெஞ்சினாள். இந்தக் கணத்தில் சொல்லிவிட்டால் போதும், எட்டு அடிகூட நடக்க வேண்டாம். அவன் வாயைத் திறந்தான். ஓசூரில் புது வீடு, புது வேலை, பக்கத்தில் இவள் இல்லாத பாய், எல்லாம் ஒரு நொடியில் வந்து போயின. ஆறு மாதமாக ஒரே பொய்யைச் சொன்ன வாய், கையைப்போல அதற்கும் பழகிப்போயிருந்தது.

"போட்டேன். போட்டுட்டுதான் எறங்கனேன். பாப்பாதான் அத இழுத்துட்டா."

டக்.

அவன் கைக்கு ஒரு முழம் பக்கத்தில். கண்ணாடிக்கு உள்ளே.

திரும்பினான். சின்ன லீவர் நடுவில் இருந்தது.

ஏறு என்றான், ஏறினாள். போடு என்றான், போட்டாள். பாப்பாதான் இழுத்தாள் என்றான்.

சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை.

சரளைக்கல் நொறுங்கியது. முன் சக்கரம் செங்கல்லின் மேல் ஏறி, அது பொடிந்து, சிவப்பாகத் தூள் பரவியது. வண்டி நகர்ந்தது. மெதுவாக. அன்றைக்கும் மெதுவாகத்தான் நகர்ந்திருக்கும். கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். பூட்டு. வலப்பக்கமும் பூட்டு. சாவி லாரியில்.

"ரேணுகா, தள்ளிப் போ."

அவள் தள்ளிப் போகவில்லை. வண்டியின் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியோடு கூடவே ஓடினான். கண்ணாடியை முஷ்டியால் அறைந்தான்.

"பாப்பா. திரும்பப் போடு. திரும்பப் போடு கண்ணு."

உடனே கேட்டாள். சின்ன லீவர் ஆடியது. இரண்டு கையாலும் தள்ளும்போது ஆடுகிற ஆட்டம். கர்ர்ர் என்று பற்சக்கரம் அரைத்தது. போகவில்லை. மறுபடி தள்ளினாள். கர்ர்ர். உள்ளே போடுவதற்கு அப்பாவின் கால் வேண்டும். சீட்டின் விளிம்புக்கு நழுவி வந்து, கிளட்சை நோக்கி நீண்ட ஒரு சின்னக் கால் அந்தரத்தில் துழாவியது. எட்டவில்லை. ஒரு சாண் எட்டவில்லை.

"நீ இழுக்கல கண்ணு. நான்தான். அப்பாதான் மறந்துட்டேன். நீ தொடவே இல்ல."

ஆறு மாதம் கழித்து அதைச் சொல்லிவிட்டான். கர்ர்ர் என்ற சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

லீவர் ஆடிக்கொண்டே இருந்தது. சரிவில் வண்டி வேகம் பிடித்தது. ரோட்டின் நடுவில் ரேணுகா, பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளக் குனிவதுபோல, முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.